ப்ரெசென்ட் மிஸ்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க அக்கா. எனக்கு வேண்டாமுங்க. காத்து வரலைன்னாலும் பரவால்ல, வெளிய நிக்கறவங்க கண்ணுக்கு நான் படாம இருந்தாப் போதும். சிரிக்காதீங்க. எதையோ திருடிட்டு ஓடறவ மாதிரி இருக்குதுங்களா? நான் டீச்சருங்க. சாந்தாமணி. காளியங்காட்டுப்புதூர் கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கறேன். பஸ்ஸு இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த ஊர்ப் பிரிவுலதான் நிக்கும். அங்க யாராச்சும் ஏறி, 'டீச்சர், இன்னிக்கு ஸ்கூல் இல்லீங்களா?'ன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது?

திருப்பூர் போறேனுங்க. கல்வி ஆபீஸுல பதினோரு மணிக்கு என்கொயரி. ஆமாங்க, என்மேலதான். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தரு என்னைப் பாத்து ஒரு சொல்லு சொன்னதில்லை. இப்ப ஒரு பனியன் கம்பெனியில, துணியில ஓட்டை இருக்குதான்னு பாக்கற செக்கிங் வேலைக்குப் போற பொம்பளை என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்தறா. நீங்க பாக்கறதுக்குப் படிச்சவங்களாத் தெரியறீங்க. நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினது தப்பான்னு. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம்னு ஒரு செக்‌ஷன் இருக்குதுன்னா, அது நான் கொண்டு வந்ததுங்க. அதுக்கு முன்னாடி காலையில பிரைவேட் ஸ்கூலு மஞ்ச வேன் வரும், ஊருக்குள்ள பாதிப் புள்ளைகளை அள்ளிட்டுப் போயிரும். பெத்தவங்க பனியன் கம்பெனிக்குப் போயி நின்னு நின்னு காலு வீங்கிச் சம்பாதிக்கறத அந்த வேனுக்கே குடுத்தாங்க. எனக்கு அது பொறுக்கலீங்க. நானும் தமிழ் மீடியத்துல படிச்சவதான். கோயமுத்தூருக்குக் காலேஜ் போன முதல் வாரம், கிளாஸ்ல எந்திரிச்சு நில்லுன்னாங்க, நின்னேன். உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொல்லுன்னாங்க. ஒண்ணுகூட வாயில வரலை. பின்னால இருந்து ஒருத்தி சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னிக்கும் என்ற காதுல இருக்குது. நம்மூர்ப் புள்ளைக அப்படி நிக்கக்கூடாதுன்னு நினைச்சேன். இப்பவும் அதேதான் நினைக்கறேன்.

மே மாசத்து வெயில்ல வீடு வீடாப் போனேனுங்க. எங்க ஹெச்.எம் சென்னியப்பன் சார் ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டாரு, நான்தான் போனேன். இதே ருக்குமணி வீட்டுக்கும் போனேன். அந்த செக்கிங் பொம்பளை பேரு ருக்குமணி. ஒரே ரூம்பு வீடு. அவங்க வூட்டுக்காரரு சாயப்பட்டறையில வேலை. பொண்ணு கோபிகா அப்பத்தான் அஞ்சாவது முடிச்சிருந்தா, தமிழ் மீடியத்துல. 'எங்க புள்ளைக்கு இங்கிலீசு வருமுங்களா டீச்சர்?'னு கேட்டாங்க. 'நான் இருக்கறேன், என்னை நம்பி அனுப்புங்க'ன்னேன். ஆமாங்க, நான்தான் சொன்னேன். அதைத்தான் இப்பப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க.

என்ற கிளாஸ்ல தமிழ் கிடையாதுங்க. செருப்பைக் கழட்டி வெளிய வெக்கற மாதிரி தமிழைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும். அப்பத்தான வரும்? தண்ணியில இறங்காம நீச்சல் வருமுங்களா? தமிழ்ல பேசினா எந்திரிச்சு நிக்கணும். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். நின்னாப் போதும். கோபிகா ஆரம்பத்துல நெம்ப நின்னா. பொறவு நிக்கறதில்லை. ஏன்னா பேசறதே இல்லை. டவுட்டு இருந்தாக் கேளுங்கன்னு தினமும் சொல்லுவேன், ஆனா இங்கிலீஷ்ல கேளுங்கன்னு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அப்ப எல்லாருக்கும் புரிஞ்சிருக்குதுன்னுதானுங்களே நான் எடுத்துக்க முடியும்?

ஆனா வாசிக்கச் சொன்னா ஒரு ஏழு பேரு மட்டும் தடவுவாங்க. மக்குன்னு நான் சொல்ல மாட்டேனுங்க, அந்த வார்த்தையே புடிக்காது எனக்கு. மெல்லக் கற்போர்னு சொல்லுவேன். டிரெய்னிங்ல அப்படித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்தாங்க. கோபிகாவும் அந்த ஏழு பேர்ல ஒருத்தி. தமிழய்யா சொல்லுவாரு, அவ நல்லாப் படிக்கற புள்ள டீச்சர்னு. தமிழ்ல படிக்கலாமுங்க, யார் வேண்டாம்னா? என்ற வகுப்புல வாசிக்கணுமில்ல?

ஐப்பசி மாசத்துல ஒரு நாள் ஹெச்.எம் கூப்பிட்டாரு. 'டீச்சர், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். முக்கியமா ஆறாவது இங்கிலீஷ் மீடியத்தைத்தான் பாக்க வர்றாங்களாம். புள்ளைக வாசிக்கலைன்னா இந்த செக்‌ஷன் எதுக்குன்னு கேப்பாங்க'ன்னாரு. அந்த செக்‌ஷன் போச்சுன்னா என்னாகும்? மறுபடியும் மஞ்ச வேன்தான். வாசிக்கற புள்ளைகளும் சேந்து தெருவுல நிக்கணும். ஏழு பேருக்காக முப்பது பேரா? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதனால அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு, 'நாளைக்கு உங்களுக்கு மட்டும் லீவு'ன்னு சொன்னேன். ஏனுங்க முழிக்கறீங்க? நான் புதுசாக் கண்டுபுடிச்சதா இது? நான் படிச்ச காலத்துல இருந்தே இருக்குது. ஆய்வு வந்தா மெல்லக் கற்போர் வீட்டுல இருப்பாங்க. எல்லா ஸ்கூல்லயும் இல்லீங்க, நான் பாத்த இடத்துல சொல்றேன். புள்ளைகளுக்கும் சந்தோசம், லீவுதான? அவங்க இடத்துல எட்டாவதுல இருந்து குள்ளமா இருக்கற புள்ளைக ஏழு பேரைக் கொண்டுவந்து உக்கார வெச்சாச்சு. யூனிஃபார்ம் ஒண்ணுதான், யாருக்குத் தெரியும்? பேரெல்லாம் சொல்லிக் குடுத்தேன். நீ கோபிகா, நீ மணிபாரதின்னு. கோபிகாவுக்கு அனுசியான்னு ஒரு புள்ள. தங்கமா வாசிப்பா.

காலையில பிரேயர் முடிஞ்சு பாத்தா, ஸ்கூல் கேட்டுக்கிட்ட ருக்குமணி நிக்கறாங்க. கையில கோபிகாவைப் புடிச்சுக்கிட்டு. மத்த ஆறு பேரு வரலை, இவ மட்டும் வந்திருக்கறா. 'என்னங்க, லீவுன்னு சொல்லி வுட்டனே'ன்னேன். 'ஸ்கூல் தெறந்துதான டீச்சர் இருக்குது? எல்லாப் புள்ளைகளும் உள்ள போகுது, இவளுக்கு மட்டும் எதுக்கு லீவு?'ன்னாங்க. நான் மெதுவா எடுத்துச் சொன்னேன், 'பெரிய அதிகாரி வர்றாரு, புள்ளைகளைப் பரிச்சை பண்ணுவாரு, பாவம் உங்க பொண்ணு பயந்துக்குவா'ன்னு. அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? 'வர்றவரு வாத்தியாரைத்தான டீச்சர் பரிச்சை பண்ண வர்றாரு? புள்ளையவா?' இத்தனைக்கும் சண்டை போடற தோரணை இல்லை. சும்மா கேக்கற மாதிரி கேட்டாங்க. கேட்டுட்டு, சிப்டுக்கு நேரமாச்சுன்னு புள்ளையோட கையை என்ற கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க.

இப்ப நான் என்ன பண்றது? அதிகாரியோட ஜீப்பு எந்த நிமிஷமும் வரும். பெஞ்சுல கோபிகாங்கற பேருல ஒருத்தி உக்காந்திருக்கறா. தமிழ் மீடியத்துல உக்கார வெக்கலாம்னா அங்கயும் போவாங்க, கேப்பாங்க. எங்க கிளாஸ் ஒரு பெரிய ஹாலைப் பிளைவுட் அடிச்சு ரெண்டாக்கினதுங்க. அந்தப் பக்கம் ஒடஞ்ச பெஞ்சு, வாலிபால் நெட்டுன்னு போட்டு வெச்சிருப்பாங்க. அங்க ஒரு நல்ல ஸ்டூலாப் பாத்துப் போட்டு, தொடச்சு, அவளை உக்கார வெச்சேன். பிஸ்கட் பாக்கெட் குடுத்தேன், என்ற மத்தியானத்துக்கு வெச்சிருந்தது. 'அவங்க போறவரைக்கும் சத்தம் போடக்கூடாது கண்ணு'ன்னேன். தலையாட்டினா. கதவைச் சாத்திட்டு வந்தேன்.

பூட்டினேன்னு ருக்குமணி குடுத்த மனுவுல எழுதியிருக்கறாங்களாமுங்க. அநியாயம். பூட்டு எங்க இருக்குது அதுல? வெளிய தாழ்ப்பாள் போட்டேன், அவ்வளவுதான். அந்தக் கதவு காத்தடிச்சாத் தானாத் தொறந்துக்கும், அதுக்காகத்தான். தாழ்ப்பாள் வேற, பூட்டு வேற இல்லீங்களா?

பத்து மணிக்கு வர்றேன்ன அதிகாரி சாப்பாட்டு பெல் அடிச்சும் வரலை. டென்ஷனுங்க எனக்கு, தண்ணி கூடக் குடிக்கலை. அந்தக் கதவுப் பக்கம் போகலாம்னு எந்திரிக்கறப்பவெல்லாம் யாராச்சும் 'வந்துட்டாங்க, வந்துட்டாங்க'ம்பாங்க. மறுபடியும் கிளாஸுக்கு ஓடுவேன். புள்ளைக ஒருத்தருக்கொருத்தரு பாத்துக்கறாங்க, எட்டாவது புள்ளைக சிரிக்குது. வாசிக்க வேண்டிய பக்கத்துல எல்லாரும் விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. கோபிகா சாப்பிட்டாளான்னா? பிஸ்கட் குடுத்தேன்னு சொன்னனே அக்கா.

கடைசியில வந்தாரு. சின்ன வயசுதான். சத்தமே இல்லாம பேசற ஆளு. நான் பாத்த அதிகாரிக எல்லாம் ரெண்டு பத்தி வாசிக்கச் சொல்லுவாங்க, வெரிகுட்டும்பாங்க, டீ குடிப்பாங்க, போயிருவாங்க. இவரு பின் பெஞ்சுல போயி புள்ளைகளோட உக்காந்துக்கிட்டாரு. 'டீச்சர், தினமும் கிளாஸ் எப்படி ஆரம்பிப்பீங்களோ அப்படியே ஆரம்பிங்க'ன்னாரு. தினமும் எதுல ஆரம்பிக்கறது? அட்டெண்டன்ஸுலதான். ஹெச்.எம் என்னைப் பாத்தாரு, நான் ஹெச்.எம்மைப் பாத்தேன். எடுக்காம இருக்க முடியுமுங்களா?

பேரு கூப்பிட ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. புள்ளைக கணீர்னு எந்திரிச்சுச் சொல்லுது. என்ற கிளாஸ்ல அது முதல் நாள்ல இருந்து பழக்குனதுங்க. பேரு காதுல விழுந்தா எங்க இருந்தாலும் நிமிந்து நின்னு, கை ரெண்டையும் பக்கத்துல வெச்சு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கற மாதிரி சொல்லணும், 'ப்ரெசென்ட் மிஸ்.' வேற இங்கிலீஷ் வராதவங்களுக்கும் அது வரணும். அந்த ஒண்ணாச்சும் தப்பில்லாம வரணும்னு நின்னு பழக்கினேன்.

'எம். கோபிகா'ன்னு கூப்பிட்டேன்.

அனுசியா எந்திரிச்சா. 'ப்ரெசென்ட் மிஸ்'ன்னா.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து இன்னொரு குரல். 'ப்ரெசென்ட் மிஸ்!'

எட்டாவது புள்ளைக சிரிப்பெல்லாம் போச்சு. அனுசியா உக்காரவும் இல்லை, நிக்கவும் இல்லை, பாதியில தொங்கறா. நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன். ஒண்ணும் கேக்காத மாதிரி. என்னங்க பண்றது? அந்த அதிகாரி பின்னால இருந்து, சத்தமே போடாம, 'டீச்சர், அந்தப் பேரை இன்னொரு தடவை கூப்பிடுங்க'ன்னாரு.

கூப்பிட்டேனுங்க. என்ற குரலைக் கம்மி பண்ணிக்கிட்டுத்தான் கூப்பிட்டேன். அனுசியா வாயே தொறக்கலை. ஆனா அந்தப் பக்கத்துல இருந்து மறுபடியும் வருது, முன்னைவிட சத்தமா. தன்ற குரல் எனக்குக் கேக்கலையாட்ட இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டா போல. 'ப்ரெசென்ட் மிஸ்!'

அவரு எந்திரிச்சுப் போயி தாழ்ப்பாளை நீக்கினாரு. நான் பின்னால ஓடினேன். கோபிகா அந்த ஒடஞ்ச பெஞ்சுகளுக்கு நடுவுல நேரா நிக்கறா, கை ரெண்டையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, நான் பழக்கின மாதிரியே. பாவாடை நனைஞ்சிருந்துச்சு. காலுக்கடியில தரையும். எங்களைப் பாத்ததும் மூணாவது தடவையும் சொன்னா.

ஒண்ணுக்கு வந்தாச் சொல்லலாமில்லீங்களா அக்கா? கதவைத் தட்டலாமில்ல? சத்தம் போடாதேன்னா இதுக்குமா? 'மே ஐ கோ அவுட் மிஸ்'னு அதையும்தான் சொல்லிக் குடுத்திருக்கறேன். அது நீளமா இருக்குதுன்னு அவளுக்கு வராது. தமிழ்ல சொல்லியிருக்கலாம். அன்னிக்கு ஒரு நாள் தமிழ்ல சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

அந்த அதிகாரி அவகிட்டத் தமிழ்லதான் கேட்டாரு, 'இங்க எதுக்கும்மா இருக்கற?'ன்னு. அவ என்ற மொகத்தைப் பாத்தா. அவரும் அதுக்கு மேல கேக்கலை. ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, புள்ளைக்கு வேற துணி பாத்துக் குடுங்கன்னாரு. டீ குடிக்காமப் போயிட்டாரு. நான் அன்னிக்கு ராத்திரி அழுதேனுங்க. அழுகாம என்ன? அந்த செக்‌ஷனுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கறேன்.

மறுநாள் ருக்குமணி வந்தாங்க. நானும் ஹெச்.எம்மும் ஆபீஸ்ல உக்காந்திருக்கறோம். கத்துவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு எதிர்பாத்தேன். கத்தலை. நின்னுக்கிட்டே பேசினாங்க. ஹெச்.எம் ரொம்பத் தன்மையாச் சொன்னாரு, 'நடந்தது நடந்து போச்சும்மா. அந்த ஏழு புள்ளைகளையும் தமிழ் மீடியத்துக்கு மாத்திர்றோம், அவங்களுக்கும் கஷ்டமில்லை, டீச்சருக்கும் கஷ்டமில்லை. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.' எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்க. மத்த ஆறு பேரு வீட்டுலயும் போட்டுட்டாங்க.

இவங்க போடலை. 'தமிழ்ல படிக்கறது ஒண்ணும் கேவலமில்லீங்க சார். அவளா எனக்கு அது புடிக்குதுன்னா நானே கூட்டிட்டுப் போயி உக்கார வெப்பேன். ஆனா நீங்களா இவளுக்கு இது ஆகாதுன்னு தூக்கி அங்க போடக்கூடாது. டீச்சர் என்ற ஊட்டுக்கு வந்து கேட்டாங்க, நான் அனுப்பினேன். புரியலைன்னா புரியற மாதிரி சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. தமிழ்ல ஒருக்கா சொல்லி, அப்புறம் இங்கிலீசுல சொல்லுங்க. அதுகூடவா கேக்கக்கூடாது?'

எனக்குப் பாடம் நடத்தறாங்க அக்கா! எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு! நான் பி.எட். படிச்சவ. கோவத்துல ஒண்ணு சொல்லிட்டேன், 'ஓட்டைத் துணியைப் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும்'னு. சொல்லியிருக்கக்கூடாதுதான். அவங்க அதுக்கும் கோவப்படலை. 'ஓட்டை இருந்தா நாங்க தைக்கறதுக்குத் திருப்பி அனுப்புவோம் டீச்சர். தூக்கி எறிய மாட்டோம்'னுட்டுப் போயிட்டாங்க. வாய் ஜாஸ்தி. அடுத்த திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸுல மனு குடுக்கற நாள்ல போயி வரிசையில நின்னுட்டாங்க. ஒரு நாள் சம்பளத்தை வுட்டுட்டு.

மனுவுல என்ன கேட்டிருக்கறாங்கன்னு தெரியுமுங்களா? என்னை சஸ்பெண்ட் பண்ணுங்கன்னு கேட்டிருந்தாக்கூட எனக்கு வருத்தமில்லை. அதெல்லாம் ஒண்ணுமில்லை. என்ற புள்ளை அதே வகுப்புல இருக்கணும், ஏழு புள்ளைகளும் இருக்கணும், அதே டீச்சர் புரியற மாதிரி சொல்லிக் குடுக்கணும். இதுதான். அதே டீச்சராம்! இதுல எவ்வளவு வன்மம் பாருங்க.

ஒரு நிமிஷமுங்க, போன் அடிக்குது. ஹெச்.எம்தான்.

சொல்லுங்க சார். பஸ்ஸுலதான் சார். சேவூர் தாண்டிட்டோம். ம். ம். அப்ப நீங்க வரலீங்களா சார்? உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா? எப்ப சார்? இல்ல சார், நான் ஒண்ணும் சொல்லலை. ம். புள்ள தானாப் போயி உள்ள உக்காந்துக்கிச்சுன்னா? நான் சொன்னாப் போதுமா சார், புள்ளையக் கேட்பாங்களே. சரி சார். பாக்கறேன் சார்.

கேட்டீங்களா? அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம். எல்லாம் சாந்தாமணி டீச்சர் இஷ்டத்துக்குப் பண்ணினதாம். இவருதான என்னைக் கூப்பிட்டு 'செக்‌ஷன் போயிரும்'னாரு? இப்ப வர்றதில்லையாம். புள்ள தானா உள்ள போயி விளையாடிட்டு இருந்துச்சு, காத்துல கதவு சாத்திக்கிச்சுன்னு சொல்லிருங்கங்கறாரு. அதையே புள்ளையும் சொல்லிட்டா கேஸு அத்தோட முடிஞ்சுதாம்.

முடியுமுங்க. நிஜமாத்தான். அவ ஒரு வார்த்தை, நானாத்தான் போனேன்னு சொல்லிட்டா யாருக்கும் ஒண்ணும் இல்லை. நானும் தப்பிச்சேன், அவளும் நிம்மதியாத் தமிழ் மீடியத்துக்குப் போயிருவா. என்ற செக்‌ஷனும் நிக்கும். ஆனா மாத்திச் சொன்னான்னா என்ற வேலை போனாலும் போயிரும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க அக்கா. பெரியவ பன்னண்டாவது. புள்ள வாயில இருக்குது இப்ப என்ற பொழப்பு.

பிரிவு வந்துருச்சு. குனிஞ்சுக்கறேன், இருங்க.

அய்யோ. ஏறறாங்க. அக்கா, திரும்பிப் பாக்காதீங்க. அவங்கதான். கழுத்துல கம்பெனி அட்டையோட, பச்சைச் சேலை. பக்கத்துல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ரெட்டைச் சடை. இன்னிக்கு எதுக்கு யூனிஃபார்ம்? என்கொயரிக்குன்னு போட்டு வுட்டிருக்கறாங்க. இந்தப் பஸ்ஸுலதானா வரணும்? சரி, அவங்களுக்கும் பதினோரு மணிதான, வேற பஸ்ஸு எது இருக்குது.

இங்கதான் வர்றாங்க. உக்கார இடமில்லை. பாத்துட்டா. கோபிகா என்னைப் பாத்துட்டா.

குட்மார்னிங் கண்ணு. பாத்தீங்களா அக்கா, பஸ்ஸுலயும் கையக் கட்டி குட்மார்னிங் மிஸ்ஸுங்கறா. நான் பழக்கினது. அவங்கம்மா என்ற பக்கமே திரும்பலை பாருங்க, கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துட்டு நிக்கறாங்க. இதுதான் நல்ல நேரம். கோபிகா, வா கண்ணு, இப்படி வா, மிஸ்கிட்ட உக்காந்துக்க. ஒட்டி உக்காரு, இடம் இருக்குது. நீங்க ஏனுங்க அக்கா எந்திரிக்கறீங்க? ஜன்னலோரத்தையே அவளுக்குக் குடுக்கறீங்களா? நின்னுக்கிட்டே வருவீங்களா? வேண்டாமுங்க, உங்களுக்குக் கால்வலி... சரி. உங்க இஷ்டம். போங்க, அந்தக் கம்பிக்கிட்ட நின்னுக்கங்க. போயிராதீங்க, இங்கயே நில்லுங்க.

சாப்பிட்டயா அம்மணி? என்ன சாப்பிட்ட? இட்லியா. நல்லது. பயமா இருக்குதா? எதுக்குப் பயம், மிஸ் இருக்கறேனில்ல. இங்க பாரு. அங்க ஒரு சார் இருப்பாரு. அன்னிக்கு எப்படி அந்த ரூம்புக்குள்ள போனேன்னு கேப்பாரு. நீ என்ன சொல்லுவ?

எதுக்குத் தலையைக் குனியற? சொல்லு கண்ணு. மிஸ் அடிப்பேனா? என்னிக்காச்சும் அடிச்சிருக்கறேனா? நீ விளையாடத்தான போன? அங்க வாலிபாலெல்லாம் இருந்துச்சில்ல?

என்ன? இல்லையா? என்ன நடந்துச்சோ அதத்தான் சொல்லணும்னு அம்மா சொன்னாங்களா. ம்.

சரி. சொல்லிக்க. என்ன கேக்கற? கொஞ்சம் சத்தமாக் கேளு.

அக்கா, கேட்டீங்களா இவ கேக்கறத? 'அங்க தமிழ்ல சொல்லலாமா மிஸ், இல்ல இங்கிலீஷ்லதான் சொல்லணுமா?'ன்னு கேக்கறா.

இங்கிலீஷ்லதான் கண்ணு. ஆமா. நீ இங்கிலீஷ் மீடியமில்ல? பெரிய ஆபீஸு அது. எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் சொல்லணும். முழுசா, தப்பில்லாம.

அக்கா, என்னை அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லலீங்க. இங்கிலீஷ் மீடியம்னா இங்கிலீஷ்தான? நீங்க சித்த சும்மா இருங்க. உங்களுக்கு என்ன, உங்க ஸ்டாப்பு வந்தா எறங்கிப் போயிருவீங்க. வேலை போறது எனக்குத்தான. வேணும்னா யோசிக்கட்டும், தெரியலைன்னா கம்முன்னு நிக்கட்டும். அவ கம்முன்னு நின்னான்னா நான் பேசிக்குவேன். அவளுக்கும் அதான் நல்லது. பாருங்க, அமைதியாயிட்டா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நல்ல புள்ளைங்க இவ. குணத்துல ஒரு குறை சொல்ல முடியாது.

அவிநாசி தாண்டியாச்சு. டிராஃபிக் இல்லைன்னா நேரத்துக்குப் போயிரலாம். அக்கா, இவ வாயைப் பாருங்க. என்னமோ முணுமுணுக்கறா. சாமி கும்பிடறாளாட்ட இருக்குது. விரலை விட்டு எண்ணறா, மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கறா. என்ன கண்ணு பண்ற? யோசிக்கறயா? ரொம்ப யோசிக்காத, தலைவலி வந்துரும். வரலைன்னா வுட்டுரு.

என்ன? சொல்லு, கேளு. மிஸ்கிட்ட எதுக்குத் தயங்கற.

அக்கா.

இல்லை, ஒண்ணுமில்லை. இவ என்னமோ கேக்கறா. 'மிஸ், என்னை உள்ள வெச்சு கதவைச் சாத்திட்டாங்கன்னு இங்கிலீஷ்ல எப்படி மிஸ் சொல்றது?'ன்னு கேக்கறா. கண்ணை விரிச்சு என்னையே பாத்துக்கிட்டு இருக்கறா. நான் சொல்லுவேன்னு. வேற யாருகிட்டக் கேப்பா அவ? அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் டீச்சர் நான் ஒருத்திதான்.

நான் என்னத்தைச் சொல்றது இப்ப? தெரியாதுன்னு சொல்லவா? எனக்கா தெரியாது? தப்பாச் சொல்லிக் குடுக்கவா? அது என்னால ஆகாதுங்க. என்ன ஆனாலும் தப்பாச் சொல்லிக் குடுக்க மாட்டேன். கோபிகா, அப்புறம் சொல்றேன் கண்ணு. மிஸ்ஸுக்குத் தலை சுத்துது. பஸ்ஸுல இருந்து எறங்கினதும் சொல்றேன்.

அவங்கம்மா திரும்பிட்டாங்க. இவ்வளவு நேரம் ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னவங்க இப்ப என்னைப் பாக்கறாங்க. நம்ம பேசினது எல்லாம் காதுல விழுந்திருக்குமுங்களா? முழுக்கவுமா? என்னங்க, என்ன சொல்றீங்க? பஸ்ஸு சத்தத்துல கேக்கலை.

அக்கா, நீங்க கேட்டீங்கல்ல? அவங்க சொன்னதைக் கேட்டீங்கல்ல?

'சொல்லிக் குடுங்க டீச்சர். அதுக்குத்தான உங்ககிட்ட அனுப்பறேன்'ங்கறாங்க.